கொலோன் கோபுரத்தில் செங்கமலம்

செங்கமலத்துக்கு நகை மேலோ புடவை மேலோ பொறாமை வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் யார் புதுச் செயின் போட்டுக்கொண்டு வந்தாலும் கையில் எடுத்துப் பார்த்து மனசாரப் பாராட்டுவாள். அவளுக்குப் பொறாமை ஒரு ஊரின் மேல். ஜெர்மனியில் இருக்கும் கொலோன் என்கிற ஊர்.

நெய்வேலி இருபத்தொன்றாம் பிளாக்கில் அவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் எங்களுடையதற்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்றுதான். நான் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். செங்கமலம் குறிஞ்சிப்பாடியில் தறி நெய்கிற வீட்டுப் பெண், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். அவள் கணவர் வைத்திலிங்கம் சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை, சக்கரத்தில் கோத்த வாளிகளால் வெட்டி அள்ளுகிற ராட்சத இயந்திரம் அது. அதில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஷிப்ட் முழுக்க ஓட்டுவார்.

அந்த இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1986-ல் பதினோரு பேரை ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே அனுப்பினார்கள். அதில் வைத்திலிங்கமும் ஒருவர். அப்போது கல்யாணமாகி ஆறு வருடம். மகள் தமிழ்நிலாவுக்கு நாலு வயது.

திரும்பி வரும்போது ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு கம்பளிக் கோட்டு, ஒரு பாட்டில் ஓடிகொலோன் வாசனைத் தண்ணீர், பன்னிரண்டு போட்டோ கொண்டுவந்தார். கூடவே பேச்சையும் கொண்டுவந்தார். கடலூர் பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் போதும், "கொலோன்ல டிராம் வண்டி வரத வச்சு வாட்சில டைம் திருத்திக்கலாம்" என்பார். மழை பெய்தால் அந்த ஊர் மழை. பாலம் கட்டினால் அந்த ஊர்ப் பாலம். முதலில் எங்கள் எல்லோருக்கும் கேட்கப் பிடித்திருந்தது. போகப்போக அந்த டிராம் வண்டி எங்கள் பிளாக் வழியாகவே போவதுபோல் பழகிவிட்டது. செங்கமலத்துக்கு மட்டும் பழகவில்லை.

காரணம் அந்தப் பன்னிரண்டு போட்டோவில் ஒன்று. ஒரு பிரமாண்டமான மாதாகோயில். கறுத்துப்போன கல், இரட்டைக் கோபுரம். அதன் முன்னால் கம்பளிக் கோட்டோடு வைத்திலிங்கம். அவர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு, சிரித்தபடி ஒரு வெள்ளைக்காரப் பெண்.

யார் என்று செங்கமலம் கேட்டாள். ரெனாட்டே என்றார். தங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பெண். மற்ற பத்துப் பேர் எங்கே என்று கேட்டாள். மழை என்று அவர்கள் யாரும் வரவில்லையாம். போட்டோவை எடுத்தது யார் என்று கேட்டாள். வழியில் போன யாரோ ஒருவர். மூன்று கேள்விக்கும் அவர் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னாராம். அன்றைக்கு ஏதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் டீச்சர் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

ரெனாட்டே என்ற பெயர் அவள் நாக்கில் நிற்கவில்லை. ரேணுகா ஆக்கிவிட்டாள். வீட்டில் சண்டை வந்தால் மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும், "போங்க, உங்க ரேணுகாகிட்ட போயி சொல்லுங்க" என்று. தமிழ்நிலாவுக்கு ஒருமுறை காய்ச்சல் கொதித்தபோது வைத்திலிங்கம் அந்த ஓடிகொலோனைத் துணியில் நனைத்து நெற்றியில் போட்டார். அவள் துணியை எடுத்து வாசலில் எறிந்துவிட்டு, வெறும் தண்ணீரில் வேறு துணி நனைத்துப் போட்டாள். வாசனை மட்டும் ரெண்டு நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. அந்த ரெண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லாவற்றையும்விட அவளைச் சுட்டது அந்தக் கோயில் கோபுரத்தில் ஏறிய கதை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் அதைச் சொல்வார். "ஐந்நூத்திச் சொச்சம் படி. சுத்திச் சுத்திப் போவும். நாங்க ஏறினோம். மேல நின்னு பாத்தா, ஆறும் பாலமும் பொம்ம மாதிரி கெடக்கும்."

நாம என்று சொன்னால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுகிறார். நாங்க என்றால் அவர் வெளியே நிற்க வேண்டியதுதான். இலக்கண வகுப்பில் நான் சொல்லித் தருகிற பாடம் இது. செங்கமலம் அதைப் பந்தியில் பரிமாறிக்கொண்டே கற்றுக்கொண்டாள். "அந்த நாங்கவுக்குள்ள நான் இல்ல டீச்சர். அவ இருக்கா" என்றாள். அது வெறும் பேச்சுவழக்கு, பெரிதுபடுத்தாதே என்று சமாதானம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி.

இப்படியே பத்தொன்பது வருடம் போனது. தமிழ்நிலா என்ஜினியரிங் முடித்துச் சென்னையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். 2005-ல் கம்பெனி அவளை ஒரு வேலையாக எட்டு மாதம் வெளிநாடு அனுப்பியது. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, போன இடம் கொலோன்.

வைத்திலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. மகள் போனில் அப்பாவையும் அம்மாவையும் மூன்று வாரம் வந்து இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். செங்கமலம் முடியாது என்றாள். முழங்கால் வலி என்றாள், குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள், வீட்டைப் பூட்டிப்போட முடியாது என்றாள். பத்து நாள் கழித்து மதிலருகே வந்து நின்றாள்.

"போய்த்தான் பாக்கப் போறன் டீச்சர். அப்படி என்னதான் இருக்குது அந்த ஊர்லன்னு."

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை, சென்னையில் விசா, மெயின் பஜாரில் ஸ்வெட்டரும் ஷூவும், நாலு டப்பா இட்லிப் பொடி. அந்தப் பெரிய கோயிலில் என் அம்மா பேரில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வா என்று நான் கேட்டுக்கொண்டேன். செப்டம்பரில் கிளம்பினார்கள். இருபத்தைந்து வருடத்தில் திருப்பதி, வேளாங்கண்ணி, ஊட்டி தவிர அவர்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை. ஊர் பார்ப்பதற்கென்றே போன முதல் பயணம் அதுதான். விமானத்தில் ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அங்கே போய் என்னென்ன பார்க்கலாம் என்று வைத்திலிங்கம் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாராம். அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தாளாம்.

முதல் சனி ஞாயிறில் தமிழ்நிலா கூட இருந்து கடைத்தெருவையும் ரைன் நதியையும் காட்டினாள். திங்களிலிருந்து அவள் ஆபீஸ் போக வேண்டும். வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். வைத்திலிங்கம் அதை மேஜை மேல் வைத்துவிட்டார். அந்த ஊரில் தனக்கு வரைபடம் எதற்கு என்றார்.

அன்றைக்கு ஏறிய டிராம் நேர் எதிர்த்திசையில் போனது. வீடுகள் குறைந்து முட்டைக்கோஸ் வயல் வந்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. இறங்கித் திரும்பி ஏறினார்கள். டிக்கெட்டை இயந்திரத்தில் குத்த வேண்டும் என்பதே அவருக்குத் தெரியவில்லை, ஒரு கிழவி வாங்கிக் குத்திக் கொடுத்தாள். மறுநாள் பாலம் இருக்கிற திசை தெரியாமல் ஒரு மணி நேரம் சுற்றினார்கள். இத்தனை வருடத்தில் ஊர் மாறிவிட்டது என்றார். ஆறு எங்கே போயிருக்கும் என்று செங்கமலம் கேட்டாள்.

புதன்கிழமை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மகள் கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிடும்போது அவள் நிதானமாகக் கேட்டாள். ஆறு மாதத்தில் இந்த ஊருக்கு எத்தனை தரம் வந்தீர்கள் என்று. நிறைய என்றார். எத்தனை என்றாள். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில் சொன்னார். ஒரு தரம்.

பயிற்சி நடந்த சுரங்கம் அங்கிருந்து ரொம்ப தூரம். ஒரு கிராமத்து விடுதியில் பதினோரு பேரும் தங்கியிருந்தார்கள். சனிக்கிழமையும் வேலை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதிலும், சோறு பொங்கித் தின்றுவிட்டுத் தூங்குவதிலும் போய்விடும். ஒரே ஒரு ஞாயிறு ரெனாட்டே ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். மழை. மற்றவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். இவர் மட்டும் கிளம்பினார்.

கேட்கிற நாம் என்ன நினைப்போம்? சரி, ஒரே ஒரு நாள்தானே, தொலையட்டும் என்று மனசு லேசாகியிருக்கும் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். செங்கமலத்துக்கு நெஞ்சு பற்றி எரிந்ததாம். ஆறு மாதப் பேச்சு என்று நினைத்துத்தான் அவள் பத்தொன்பது வருடம் பொறுத்திருக்கிறாள். அது ஒரு நாளின் பேச்சு. ஒரு பெண்ணோடு போன ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பேச்சு.

"ஒரு நாளு. அத வச்சிக்கினு பத்தொம்பது வருசம் பேசியிருக்கீங்க. என்னோட இருபத்தஞ்சு வருசம் இருந்துட்டீங்க. அதப்பத்தி யார்கிட்டயாச்சும் ஒரு கதை சொல்லியிருக்கீங்களா?"

வைத்திலிங்கம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் என்றுதான் அவள் சொன்னாள். அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கே கோயிலுக்குப் போகலாம் என்றாள். தூரத்திலிருந்தே இரட்டைக் கோபுரம் தெரிந்ததால் அதற்கு வழி தவறவில்லை. உள்ளே போனதும் முதல் வேலையாக எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டாள். மனசில் கெட்ட எண்ணம் வருவதற்கு முன்னால் டீச்சர் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியதாம். அதன் பிறகு கடைசி வரிசை பெஞ்சில் அவரை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் யாரோ ஆர்கன் வாத்தியம் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"அவ மேல ஆசப்பட்டீங்களா?"

வைத்திலிங்கம் தன் ஷூவைப் பார்த்தார். ஆர்கன் ஒருமுறை நின்று மறுபடி தொடங்கியது.

"பட்டேன்" என்றார். "அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் பஸ் ஏத்தி வுட்டுட்டு அவ வூட்டுக்குப் போயிட்டா. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம்னு சொன்னா. எல்லாருக்கும் கேக் குடுத்தா."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. இப்பதான் உன்கிட்ட சொல்றன்."

செங்கமலம் அழவில்லை. இத்தனை வருடம் சந்தேகமாக வைத்திருந்தது நிஜம் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று என்னிடம் சொன்னாள்.  பெஞ்சிலிருந்து எழுந்து, கோபுரத்துக்கு எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்று கேட்டாள்.

முழங்கால் வலியை ஞாபகப்படுத்தினார். இன்னொரு நாள் மகளோடு வரலாம் என்றார். அவள் பாட்டுக்கு வெளியே நடந்தாள். டிக்கெட் கொடுக்கிற இடத்தை அவளே கண்டுபிடித்து இரண்டு விரலைக் காட்டினாள். வைத்திலிங்கம் பின்னாலேயே ஓடிப்போய் டிக்கெட் வாங்கினார்.

சுற்றுப் படிக்கட்டு. இறங்கி வருகிறவர்களுக்குச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். அவள் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். நூறு படியில் அவருக்கு மூச்சு வாங்கியது. இருநூறில் நின்றுவிட்டார். இத்தனை வருடம் கூண்டில் உட்கார்ந்தே மண் வெட்டிய உடம்பு. மணிகள் தொங்குகிற ஒரு தளம் பாதி வழிக்கு மேல் வருகிறது. அதுவரை எப்படியோ வந்து சேர்ந்து, சுவரோரம் உட்கார்ந்துகொண்டு இத்தோடு போதும், திரும்பிவிடலாம் என்றார்.

"நீங்கதான் முன்னயே பாத்துட்டீங்களே. நீங்க எறங்குங்க. நான் பாத்துட்டு வரன்."

அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"நான் பாக்கல. அன்னிக்கும் இதே எடத்தோட எறங்கிட்டோம். மேல மழையில வழுக்கும்னு அவ சொல்லிட்டா."

"அப்ப ஆறு, பாலம், பொம்மயெல்லாம்?"

"போஸ்ட் கார்டுல பாத்தது."

அந்த இடத்தில் சிரித்துவிட்டாயா என்று நான் கேட்டேன். சிரிப்பு வரவில்லை என்றாள். அவரை அங்கேயே விட்டுவிட்டு ஏறத் தொடங்கினாளாம். அந்த நேரத்துக்கு அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த ரேணுகாவும் அவரும் சேர்ந்து பார்க்காததைத் தான் பார்த்துவிட வேண்டும். கடைசிப் படிகள் வெட்டவெளியில் இரும்புப் படிகளாக இருந்தன, கீழே பார்த்தால் ஆழம் தெரிந்தது. முழங்காலில் ஊசி குத்துவதுபோல் வலி. ஒரு சீனாக்காரப் பெண் கையைக் கொடுத்து இரண்டு படி தூக்கிவிட்டாள்.

மேலே காற்று புடவையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. சுற்றிலும் கம்பிவலை. கீழே ஆறு, பாலம், பாலத்தின் மேல் ரயில், எறும்பு மாதிரி ஜனங்கள். அவர் போஸ்ட் கார்டில் பார்த்துச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதில் அவளுக்கு ஏமாற்றம். அவர் பார்க்காத பக்கமாகப் பார்க்க வேண்டும் என்று வலையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். ஆறு இல்லாத பக்கம், வீடுகளெல்லாம் முடிந்த தூரத்தில், வெள்ளையாக மூன்று நாலு புகைத்தூண் எழும்பி மேகத்தோடு மேகமாகக் கலந்துகொண்டிருந்தது. அவள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாள், அது தெர்மல் என்று. நம் ஊர் அனல்மின் நிலையக் கூண்டுகளிலிருந்து வருகிற அதே நீராவி. நெய்வேலியில் துணி காயப்போடும்போது தினமும் பார்க்கிறது.

வைத்திலிங்கம் பயிற்சி எடுத்த சுரங்கமும் அந்தத் திசையில்தான் இருக்கும் என்று தோன்றியது. அங்கே ஒரு விடுதியில் பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அவளுக்கு அந்த ஆறு மாதமும் அவர் வாரம் தவறாமல் எழுதிய கடிதங்கள் நினைவுக்கு வந்தன. ஒன்றில்கூட கொலோன் இல்லை. தமிழ்நிலாவுக்கு இருமல் நின்றதா, மாமனார் தறிக்குப் பாவு நூல் கிடைத்ததா, இவ்வளவுதான். ஊர் திரும்பிய பிறகுதான் மனுஷர் கொலோன் பேசத் தொடங்கினார்.

கேமரா அவரிடம் இருந்தது. போட்டோ எடுக்க முடியவில்லை. எடுக்காததே நல்லது என்று நினைத்துக்கொண்டாளாம். வேண்டுமென்றே அரை மணி நேரம் மேலே நின்றாள்.

கீழே மணித்தளத்தில் வைத்திலிங்கம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் காட்டுகிற மணி ஒன்று பக்கத்தில் அடித்துத் தொலைத்திருக்கிறது. அவளைக் கண்டதும் எழுந்து நின்று, என்ன தெரிந்தது என்று கேட்டார். காது அடைத்துப் போனதால் சத்தமாகக் கேட்டார்.

"ஏறிப் பாத்தாத் தெரியும்" என்றாள்.

அன்று மாலை வரை கேட்டார். மறுநாளும் கேட்டார். சாக்லேட் மியூசியத்தில் நின்று கேட்டார், படகில் போகும்போது கேட்டார். ஆறு தெரிந்ததா, பாலம் தெரிந்ததா, வேறு என்ன என்று. அவள் ஆமாம் இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அவரே போனார். மணித்தளம் வரைதான் முடிந்தது. தமிழ்நிலா மட்டும் மேலே போய் வந்து ஆற்றையும் பாலத்தையும் சொன்னாள். அது மட்டும்தானா என்று கேட்டிருக்கிறார். வேறு என்னப்பா வேண்டும் என்றாள் மகள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவும் பெண்ணும் பேசி வைத்துக்கொண்டு எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் எங்கள் பிளாக்கில் கதை சொல்கிறவர் மாறிவிட்டார். அடுத்து வந்த ஒரு வளைகாப்பில் வைத்திலிங்கம் வழக்கம்போல் "ஐந்நூத்திச் சொச்சம் படி" என்று தொடங்கினார். பரிமாறிக்கொண்டிருந்த செங்கமலம் கையில் கரண்டியோடு நின்று, "ஐந்நூத்தி முப்பத்திமூணு. நான் ஏறினேன்" என்றாள். பந்தியில் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் கோபுரக் கதையை அவர் எடுக்கவில்லை. அவள் எடுப்பாள். ஆனால் மேலே என்ன தெரிந்தது என்கிற இடம் வந்ததும், அவர் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் நிறுத்திவிடுவாள்.

நீராவியை அவள் சொன்னது என்னிடம் மட்டும்தான். ஒரு நாள் வைத்திலிங்கம் மதிலருகே வந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் நின்றார்.

"டீச்சர், மேல என்னா பாத்தாளாம் அவ? உங்ககிட்ட சொல்லியிருப்பா."

சுரங்கத்தில் எட்டு மணி நேரம் ராட்சத இயந்திரத்தை ஆட்டி வைக்கிற மனுஷர். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதைச் செங்கமலத்திடம் சொன்னபோது அவள் முகத்தில் வந்த திருப்தியை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. கேட்டேன், இன்னுமா உனக்குப் பொறாமை என்று. 

"போயிடுச்சுன்னு சொன்னா பொய்யாயிடும் டீச்சர். சாயங்காலம் அவர் சும்மா உக்காந்துக்கினு இருந்தா, அவள நெனைக்கிறாரோன்னு இப்பவும் எனக்கு என்னமோ பண்ணுது. ஆனா இப்ப அவருக்கும் இருக்குது."

மகளுடைய வேலை முடிந்து அவள் சென்னைக்கே திரும்பிவிட்டாள். இனி அவர்களைக் கொலோனுக்குக் கூப்பிட அங்கே யாரும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த வருடம் தை மாதத்திலிருந்து வைத்திலிங்கம் காலையில் ஸ்டேடியத்துக்குப் போகத் தொடங்கினார். நடக்கப் போகிறார் என்று நினைத்தோம். நடக்கவில்லை. கேலரிப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். முதல் வாரம் மூன்று சுற்று. மாசியில் பத்துச் சுற்று. மணித்தளம் தாண்டியாகிவிட்டது என்று கணக்குப் போட்டுக்கொள்வார்போலும்.

செங்கமலத்துக்கு அதிலும் சந்தேகம். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள், யாருக்காக இந்த வயசில் இப்படி ஏறுகிறீர்கள் என்று. அவள் பார்த்ததைத் தானும் பார்க்க வேண்டும் என்றாராம். அங்கே போகவா போகிறோம் என்றாள். போகாவிட்டாலும் பரவாயில்லை என்றார்.

அதை என்னிடம் சொல்லிவிட்டு அவள் மதிலின் மேல் வைத்திருந்த கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை ஸ்டேடியம் பக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பார்த்தேன். வைத்திலிங்கம் ஏறிக்கொண்டிருந்தார். செங்கமலம் கீழ்ப்படியில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, அவர் எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.